மூச்சும் சுவரும்: அரசியல் சிறையில் பெண்ணுடல்

சினேகலதா ரெட்டி 1976 மே 2 அன்று பெங்களூரில் கைதானார். எட்டு மாதத்துக்கு மேல் அடைபட்டிருந்து, 1977 ஜனவரி 15 அன்று பரோலில் வெளியே வந்தார். ஐந்தாம் நாள், ஜனவரி 20 அன்று, உயிர் பிரிந்தது. அடைபட்டிருந்த காலத்தில் அவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. சாவுக்குக் காரணம் நாள்பட்ட ஆஸ்துமாவும் நுரையீரல் தொற்றும்.

சென்னையின் ஆங்கில நாடக மேடை அவரை நன்றாக அறிந்திருந்தது. 1950-களில் உருவான மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவின் நிறுவனர்களில் ஒருவர் அவர். இப்சன், ஷேக்ஸ்பியர், டென்னசி வில்லியம்ஸ் நாடகங்களில் நடித்தார். கணவர் பட்டாபிராம ரெட்டி தெலுங்குக் கவிஞர். தென்னிந்தியப் படங்கள் பெரும்பாலும் கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களை நம்பியிருந்த காலத்தில் தெலுங்குப் படங்கள் தயாரித்தவர். 1970-இல் இருவரும் சேர்ந்து அந்த ஸ்டுடியோ உலகத்துக்கு முற்றிலும் வேறான ஒரு படத்தைக் கொண்டுவந்தார்கள். யு.ஆர். அனந்தமூர்த்தியின் நாவலை ஒட்டிய ‘சம்ஸ்காரா’ அது. முதலில் தணிக்கையில் தடைபட்டு, பிறகு ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அதில் சந்திரியாக நடித்தவர் சினேகலதா. கணவன், மனைவி இருவருமே ராம் மனோகர் லோகியாவின் சோஷலிச வழியில் நின்றவர்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸின் நண்பர்கள். நெருக்கடி நிலையின்போது தலைமறைவாயிருந்த பெர்னாண்டஸைப் போலீஸ் தேடியது. தம்பி லாரன்ஸைப் பிடித்து வதைத்தது. அதே நாள்களில்தான் சினேகலதாவும் பிடிபட்டார். பரோடா டைனமைட் வழக்கோடு அவரைத் தொடர்புபடுத்தினார்கள். இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஆனாலும் விசாரணையின்றி அடைத்துவைக்க இடம் தந்த மிசா சட்டம் அவரை உள்ளேயே வைத்திருந்தது. கைதுக்கு நான்கு நாள் முன்புதான், ஏப்ரல் 28 அன்று, உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. நெருக்கடி நிலை நீடிக்கும்வரை தடுப்புக் காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் கூறினர். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார்.

ஓர் உடல் எப்போது வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாத நிலையில் பூட்டப்படுவதற்கு உடலியல் அளவில் என்ன பொருள்? சினேகலதாவை எட்டு மாதம் கொன்றது. ருமேனியாவின் லேனா கான்ஸ்டான்டே 12 ஆண்டு சிறையிலிருந்து மீண்டு 96 வயதை எட்டினார். இந்த வேறுபாட்டை மன உறுதியைக் கொண்டு விளக்குவது வழக்கம். அந்த விளக்கம் இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. சினேகலதாவிடம் உறுதிக்குக் குறைவிருக்கவில்லை என்பதைச் சிறைக்குள் அவர் நடந்துகொண்ட விதமே காட்டுகிறது. அவரிடம் குறைவாக இருந்தது காற்று.

இழுப்பு

ஆஸ்துமாவை இன்றைய சென்னையில் ‘வீசிங்’ என்கிறார்கள். பாட்டிமார் வாயில் அது ‘இழுப்பு’ அல்லது ‘இளைப்பு’. இழுப்பு என்ற சொல்லைக் கேட்டால், காற்றை உள்ளே இழுக்க முடியாத நோய் என்று தோன்றும். உண்மையில் பெரிய சிரமம் காற்றை வெளியே விடுவதில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது மார்பு விரிகிறது, அதோடு மூச்சுக் குழாய்களும் சற்றே விரிகின்றன. விடும்போது அவை சுருங்குகின்றன. ஆஸ்துமா உள்ளவரின் குழாய்களில் தசை இறுகி, உட்சுவர் வீங்கி, கோழை அடைத்திருப்பதால், விடும் மூச்சு பாதியில் நின்றுபோகிறது. வெளியேறாத காற்றின்மேல் அடுத்த மூச்சு வந்து சேர்கிறது. மார்பு உப்பிப்போய், மூச்சை இயக்கும் உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. நோயாளி தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவது, கழுத்துத் தசைகளையும் உதவிக்கு அழைப்பதால்தான்.

கடுமையான தாக்குதலின் தொடக்கத்தில் மூச்சு வேகமாக ஓடுகிறது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. சில மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில் அதே அளவு ‘இயல்பு’ என்று வந்தால் மருத்துவர்கள் நிம்மதி அடைவதில்லை, பதறுகிறார்கள். தசைகள் களைத்துவிட்டன, இனி மூச்சு தானாக நின்றுவிடக்கூடும் என்பதன் அடையாளம் அது. நோயாளி அமைதியாகிவிட்டதுபோல் தெரியும் அந்த நேரத்தைப் பழக்கமில்லாத கண் சரியாகப் படிக்காது. சிறைக் காவலர் மருத்துவம் பயின்றவர் அல்லர்.

நேரமும் இதில் சேர்கிறது. உடல் சுரக்கும் கார்ட்டிசோலும் அட்ரினலினும் நள்ளிரவுக்குப் பிறகு மிகக் குறைவாக இருக்கும்; மூச்சுக் குழாயைச் சுருக்கும் நரம்பின் பிடி அப்போது இறுகும். ஆஸ்துமா தாக்குதல்கள் விடியலுக்கு முன், நான்கு மணியை ஒட்டி, உச்சம் தொடுவது இதனால்தான். சிறையில் மாலையில் கதவு பூட்டப்பட்டால் காலையில்தான் திறக்கும். உடலுக்கு உதவி மிகவும் தேவைப்படும் நேரமும் உதவி எட்டாத நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கும் பெங்களூரில் மழைக்காலத்து ஈரமும் மார்கழிப் பனியும் சென்னையில் இருப்பவை போன்றவை அல்ல. ஈரச் சுவரில் பூஞ்சை வளரும்; பழைய கம்பளியில் தூசியும் உண்ணிகளும் தங்கும். இவை எல்லாம் இழுப்பைக் கிளப்புபவை. அதே சிறையில் இருந்த சோஷலிசத் தலைவர் மது தண்டவதே, இரவின் அமைதியில் சினேகலதாவின் அறையிலிருந்து வந்த அலறலைக் கேட்டதாகப் பின்னாளில் எழுதினார். அவருக்கு முறையான சிகிச்சை கிடைக்கவில்லை என்பதையும் பதிவுசெய்தார்.

சிகிச்சை அன்று இல்லாமல் இல்லை. அட்ரினலின் ஊசியும் அமினோபிலினும் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தவை. ஸ்டீராய்டு மாத்திரை 1950-களில் வந்துவிட்டது. சால்புடமால் இன்ஹேலர் 1969-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு 1972-இல். இவை எதுவும் ஒரு முறை கொடுத்து முடிக்கும் மருந்துகள் அல்ல. ஆஸ்துமாவை அடக்கி வைப்பது நாள் தவறாத கவனிப்பு. அது விட்டுப்போனால் ஒவ்வொரு தாக்குதலும் குழாய்ச் சுவரில் வடுவை விட்டுச் செல்கிறது. தேங்கிய கோழையில் கிருமி குடியேறுகிறது. நாள்பட்ட ஆஸ்துமா, நுரையீரல் தொற்று என்று சாவின் காரணமாக எழுதப்பட்ட இரண்டும் இப்படி ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

அச்சத்தின் பங்கு சற்றுச் சிக்கலானது. திடீர் அச்சம் அட்ரினலினைச் சுரக்கச் செய்யும். அது குழாயை விரித்து உதவவே செய்யும். மாதக்கணக்கில் நீளும் அச்சம் வேறு. கார்ட்டிசோல் தொடர்ந்து சுரந்தால் நோயெதிர்ப்பு அணுக்கள் அதன் கட்டளைக்குக் காது கொடுப்பதை நிறுத்துகின்றன. வீக்கத்தை அடக்க வேண்டிய இயற்கை மருந்து உடலிலேயே இருந்தும் வேலை செய்வதில்லை. விடுதலைத் தேதி தெரியாத சிறை இந்த இரண்டாம் வகை அச்சத்தைத்தான் உண்டாக்குகிறது.

தனிமை மூளைக்குள் செய்வது

1950-களின் தொடக்கத்தில் மேற்கு நாடுகளை ஒரு கேள்வி உலுக்கியது. ஹங்கேரியில் கர்தினால் மின்ட்செந்தி போன்றவர்கள் நீதிமன்றத்தில் நின்று, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கொரியப் போரில் சிறைப்பட்ட வீரர்கள் எதிரியின் பேச்சைப் பேசினார்கள். கம்யூனிஸ்ட் அரசுகளிடம் மூளையை மாற்றும் மருந்து ஏதோ இருக்கிறது என்று பலரும் நம்பினார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் 1951-இல் தொடங்கிய சோதனைக்குப் பாதுகாப்புத் துறை பணம் கொடுத்தது இந்தப் பின்னணியில்தான். மாணவர்கள் நாளுக்கு 20 டாலர் வாங்கிக்கொண்டு மெத்தையில் படுத்திருக்க வேண்டும். உருவம் தெரியாத கண்ணாடி, கைகளுக்கு அட்டை உறை, காதை அணைத்த தலையணை. வேறு துன்பம் எதுவும் இல்லை. பெரும்பாலோர் இரண்டு, மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. எளிய கணக்கு தவறியது. இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிந்தன. மூளை அலைகள் மந்தமாயின.

1956-இல் லாரன்ஸ் ஹிங்கிள், ஹரால்ட் உல்ஃப் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் சோவியத், சீன விசாரணை முறைகளை ஆராய்ந்து முடிவு சொன்னார்கள். மர்ம மருந்து ஏதுமில்லை. தனிமை, தூக்கமின்மை, குளிர், பசி, மணிக்கணக்கில் நிற்க வைத்தல்: பழைய போலீஸ் முறைகள்தாம், நீண்ட நாள் பொறுமையோடு கையாளப்பட்டன. நெடுநேரம் நிற்பவரின் கால் தொடைவரை வீங்கும், தோல் வெடிக்கும், சிறுநீரகம் தளரும். தூக்கம் பறிபோனவர் எதிலும் கையெழுத்திடுவார். இந்த முறைகளுக்குச் சித்தாந்தம் தேவையில்லை. இந்தியாவிலும் அவை பயன்பட்டன, சில நேரம் கம்யூனிஸ்டுகள்மீதே.

மனிதத் துணை உணவைப் போன்ற தேவை என்பதற்கு நேரடிச் சான்று 2020-இல் கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் தனியே வைத்தார்கள். இன்னொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். தனிமைக்குப் பிறகு மனிதர்கள் கூடியிருக்கும் படத்தைக் கண்டபோதும், பட்டினிக்குப் பிறகு உணவின் படத்தைக் கண்டபோதும், நடுமூளையின் ஒரே பகுதி ஒரே விதமாகத் துடித்தது. இதற்கு ஓராண்டு முன்பு, அண்டார்டிகாவில் 14 மாதம் கழித்த ஒன்பது பேரின் மூளைப் படங்கள் வெளியாகின. நினைவைக் கையாளும் ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதி ஏறக்குறைய 7 சதவீதம் சுருங்கியிருந்தது. அவர்கள் விரும்பிப் போனவர்கள், நண்பர்களோடு இருந்தவர்கள், திரும்பும் தேதி தெரிந்தவர்கள். கான்ஸ்டான்டேயைப் போல் எட்டு ஆண்டு தனியறையில் இருந்தவரின் மூளையில் நடப்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். சோதித்துப் பார்க்க எந்த ஆய்வகத்துக்கும் உரிமையில்லை.

மெக்கில் மாணவர்கள் அனைவரும் ஆண்கள். பின்னால் பார்க்கப்போகும், பட்டினி பற்றிய மினசோட்டா ஆய்விலும் ஆண்களே இருந்தனர். சிறைப்பட்ட பெண்ணுடல் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அதைக் கடந்து வந்த பெண்கள் எழுதிவைத்ததிலிருந்து வந்தது. அந்த நூல்களை இலக்கியமாக மட்டும் படிப்பது பாதிப் படிப்பு.

மனப்பாடம் என்னும் கருவி

எவ்கேனியா கின்ஸ்பர்க் கசான் நகரின் ஆசிரியை, உறுதியான கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். 1937-இல் ஸ்டாலின் ஆட்சி அவரைப் பிடித்துப் பத்தாண்டு தண்டித்தது. சிறை, முகாம், நாடுகடத்தல் எல்லாம் சேர்ந்து 18 ஆண்டு போயின. கோலிமா முகாமுக்குப் போகும் வழியில் சரக்கு ரயிலில், நெருக்கியடித்த பெண்களுக்கு அவர் கவிதைகளை ஒப்பித்துக்கொண்டே வந்தார். உள்ளே யாரோ புத்தகம் வைத்துப் படிக்கிறார்கள் என்று காவலர்கள் ஓடிவந்தார்கள். புத்தகம் இல்லை என்று நிரூபிக்க, அவர்கள் முன்னால் புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ காவியத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் சொல்ல வேண்டியிருந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் வாய்பாடும் கத்திக் கத்திப் படித்த தலைமுறைக்கு இது வியப்பாக இருக்காது. யாப்பு என்பது அழகுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. நினைவுக்குத் தோண்டிய வாய்க்கால் அது. ஒரு சொல் மறந்தால் எதுகை அதற்கான ஒலியைக் காட்டிக்கொடுக்கும். மோனை அடியின் தொடக்கத்தைப் பிடித்துத் தரும். அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம், கண்ணி அறாது. மூளை தனித்தனி எழுத்துகளைக் கைக்கொள்வது கடினம். சீராகக் கட்டிய துண்டுகளைக் கைக்கொள்வது எளிது. மேடை நடிகர்களுக்கு இன்னொரு வழியும் தெரியும்: வசனத்தை நிற்கும் இடத்தோடும் கையசைவோடும் முடிந்துவைப்பது. இடத்தோடு பிணைத்த நினைவை ஹிப்போகேம்பஸ் எளிதில் விடுவதில்லை.

லேனா கான்ஸ்டான்டே புக்காரெஸ்டில் பொம்மலாட்ட அரங்குக்கு வடிவமைத்த ஓவியர். 1950-இல் கைதாகி, 1954-இல் தண்டிக்கப்பட்டு, 1962-இல் வெளியே வந்தார். எட்டு ஆண்டு தனியறை. தாளும் பென்சிலும் இல்லாத அந்த ஆண்டுகளில் மனத்துக்குள்ளேயே நாடகங்களும் கவிதைகளும் இயற்றினார். இயற்றியதை மறக்காமல் இருக்க நாள்தோறும் ஒப்பித்தார். எடித் போன் மருத்துவம் படித்தவர். அறுபதை எட்டும் வயதில், 1949-இல், ஹங்கேரியில் பிடிபட்டு, விசாரணையின்றி ஏழு ஆண்டு தனியே இருந்தார். ரொட்டியைப் பிசைந்து மணிச்சட்டம் செய்து, தனக்குத் தெரிந்த ஆறு மொழிகளில் எத்தனை சொற்கள் நினைவிருக்கின்றன என்று எண்ணினார். முன்பு பார்த்த நகரங்களில் மனத்துக்குள் தெருத்தெருவாக நடந்தார். ஒதெஸாவில் இயற்பியல் படித்த இரினா ரதுஷின்ஸ்கயா, கவிதை எழுதியதற்காக 1983-இல் ஏழாண்டு கடுங்காவல் பெற்றவர். மொர்தோவியாவின் சோவியத் முகாமில் எரிந்த தீக்குச்சி முனையால் சோப்புக் கட்டியில் எழுதுவார், மனப்பாடம் ஆனதும் கைகழுவுவார். இப்படிச் சுமார் 250 கவிதைகள் அவர் நினைவில் தங்கின.

இவை பொழுதுபோக்கு என்று தோன்றலாம். உடலியல் வேறு சொல்கிறது. வெளியிலிருந்து செய்தி வராத மூளை தானே செய்திகளை உற்பத்தி செய்யத் தொடங்குவதுதான் மெக்கில் மாணவர்கள் கண்ட பொய்யுருவம். அந்த உற்பத்தியைத் தானே திட்டமிட்டு நடத்துபவருக்கு அதன் கடிவாளம் கையில் இருக்கிறது. இன்றைய பாடம் நேற்றையதிலிருந்து வேறுபடுவதால் நாளும் நாளும் பிரிகின்றன, காலம் ஒரே குழம்பாக ஆகாமல் நிற்கிறது.

சுவரைத் தட்டிப் பேசுவதும் இதே வகை. ரஷ்யச் சிறைகளில் எழுத்துகளை ஐந்தைந்தாக வரிசைப்படுத்தி, முதல் தட்டுகளில் வரிசையையும் அடுத்த தட்டுகளில் இடத்தையும் சொல்வார்கள். கின்ஸ்பர்க் இதை யாரிடமும் கற்கவில்லை. ஜார் காலத்துப் பெண் கைதி ஒருவரின் நினைவுக்குறிப்பை எப்போதோ படித்தது சிறையில் கைகொடுத்தது. தமிழில் இது இன்னும் இயல்பாக அமையும். அரிச்சுவடியின் உயிர்மெய் அட்டவணையே பதினெட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி கொண்ட கட்டம்தான்.

பசி, உண்ணாநோன்பு, மாதவிலக்கு

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945 ஆண்டுகளில் 36 தன்னார்வலர்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்தார் ஆன்சல் கீஸ். எடையில் கால்பங்கு கரைந்தது. ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். பேச்சு முழுதும் சோற்றைப் பற்றியே ஆனது. பெண்ணுடலில் இன்னொன்றும் நடக்கிறது. கொழுப்பு குறையும்போது லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் அதை ‘பஞ்சம்’ என்று படித்து, சினைப்பையை இயக்கும் துடிப்புகளை நிறுத்துகிறது. பசி இல்லாவிட்டாலும் நீண்ட அச்சமே இதைச் செய்யும். சிறைப் பெண்களின் குறிப்புகளில் மாதவிலக்கு நின்றுபோன செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கருவுறுதல் என்ற செலவை உடல் தள்ளிப்போடுவது அது, பெரும்பாலும் மீளக்கூடியது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஆண்டுகளில் எலும்பு இழந்த சுண்ணாம்புச்சத்து முழுதும் திரும்பி வருவதில்லை.

கடும் பஞ்சத்தில் பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்பதற்கு நல்ல தரவு உண்டு. ஸ்டாலின் காலத்து உக்ரைன் பஞ்சத்தில், 1933-இல் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் 7.3 ஆண்டு, பெண் குழந்தைக்கு 10.85 என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வித்தியாசத்தின் பெரும்பகுதி கைக்குழந்தைப் பருவத்திலேயே விழுந்துவிடுவதால், இது உயிரியல் சார்ந்த சாதகம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உண்ணாநோன்பு வேறு கதை. கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாளில் தீர்கிறது. அதன்பின் உடல் கொழுப்பை எரிக்கிறது, மூளை கீட்டோன்களுக்குப் பழகுகிறது. கொழுப்பு தீரத் தீரத் தசையும் மேன்மேலும் கரைகிறது, இதயத் தசையும் உட்பட. உயிர்ச்சத்து பி1 தீர்ந்தால் கண் அலைபாய்ந்து நினைவு குழம்பும். நோன்பை முடிக்கும் வேளையும் ஆபத்தானது: திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இரத்தத்தின் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுவிடலாம். பழச்சாறு கொடுத்து முடித்துவைக்கும் நம் பொதுமேடை வழக்கம் நீண்ட நோன்புக்குப் பொருந்தாது. மருத்துவர் அருகில் இருந்து, சிறுகச் சிறுக உணவு தர வேண்டும்.

தமிழ்நாடு இந்தக் கணக்கை ஓர் அம்மா, மகள் வாயிலாக அறியும். கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், பொன்மலை ரயில்வே தொழிலாளர்களிடையே வளர்ந்த பாப்பா உமாநாத், தாயார் லட்சுமியோடு சென்னையில் கைதானார். சிறையில் கைதிகள் உண்ணாநோன்பு இருந்தார்கள். லட்சுமி அதிலேயே இறந்தார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக்கொடுத்தால் தாயின் உடலைப் பார்க்கலாம் என்று மகளிடம் சொல்லப்பட்டது. அவர் எழுதிக்கொடுக்கவில்லை. சோவியத் முகாம்களில் கட்சிக்கு எதிராகப் பேசியதற்காகப் பெண்கள் பசித்திருந்தார்கள், இங்கே கட்சிக்காக. உடலில் கொழுப்பும் தசையும் கரையும் வரிசை இரண்டு இடத்திலும் ஒன்றே.

கையில் மிஞ்சும் சிறு அதிகாரம்

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் ‘கற்ற இயலாமை’ என்ற கருத்தை வைத்தார்கள்: தப்பிக்க வழியில்லாத துன்பத்தைத் தொடர்ந்து பட்ட விலங்கு, வழி திறந்த பிறகும் முயல்வதில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், அவர்களே அதைத் திருப்பிப்போட்டார்கள். நீண்ட துன்பத்தில் முடங்குவதுதான் மூளையின் பிறவி இயல்பு, கற்றுக்கொள்ளப்படுவது மறுபக்கம். ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதை முன்மூளை ஒருமுறை கண்டுகொண்டால், முடக்கத்தைக் கிளப்பும் அடிமூளை அணுக்களை அது அடக்குகிறது. கட்டுப்பாடு மிகச் சிறியதாக இருந்தாலும் போதும்.

இந்தக் கண்ணோட்டத்தில் சினேகலதாவின் சிறை நாள்களைப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் பெண் கைதிகளைச் சோதனை என்ற பெயரில் நிர்வாணமாக்குவதை எதிர்த்து அவர் எழுதினார். மற்றப் பெண்களை அடிப்பதைக் கேள்வி கேட்டார். மோசமான உணவை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தார், உணவு கொஞ்சம் மேம்பட்டது. டயரி எழுதினார். மூச்சுக்குத் திணறியபடி இதையெல்லாம் செய்தார். மொர்தோவியாவின் ‘சின்ன வளாக’த்தில் ரதுஷின்ஸ்கயாவும் தோழிகளும் செய்ததும் இதையொத்தது: நோயுற்ற ஒருத்தியைத் தண்டனை அறையில் போட்டால் மற்றவர்கள் வேலைநிறுத்தமோ உண்ணாநோன்போ தொடங்குவார்கள். அங்கிருந்த எஸ்டோனியப் பெண் லாக்லே பாரெக் பின்னாளில் தம் நாட்டின் உள்துறை அமைச்சரானார். இரண்டு இடங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்குப் பக்கத்தில் தோழிகள் இருந்தார்கள். சினேகலதாவுக்கோ தனியறை. நெருக்கடி நிலையில் மகாராஷ்டிரத்தின் மிருணாள் கோரேயையும் அகோலா சிறையில் இப்படித் தனித்தே வைத்தார்கள். முன்மூளை அடிமூளையை அடக்கலாம். இறுகிய மூச்சுக் குழாயை அடக்க அதனால் முடியாது.

வெளியே வந்த பிறகு

விடுதலையோடு உடலின் கணக்கு முடிவதில்லை. கிழக்கு ஜெர்மனியின் அரசியல் கைதிகளாக இருந்த 146 பேரை இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபின் ஆராய்ந்தபோது, விடுதலையாகிப் பல ஆண்டுகள் ஆன நிலையிலும் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. சாவிக்கொத்தின் ஒலி, நடைபாதையில் பூட்ஸ் சத்தம் போன்றவற்றை, மூளையில் அச்சத்தைப் பதிந்துவைக்கும் அமிக்டலா ஆபத்து என்று ஒருமுறை எழுதிக்கொண்டால் எளிதில் அழிப்பதில்லை.

மீட்சியும் உண்மையானதே. கொல்கத்தாவின் பள்ளித் தலைமையாசிரியை அர்ச்சனா குஹா 1974-இல் போலீஸ் காவலில் வதைக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தார். டென்மார்க்கில் இங்கே கெனெஃப்கே போன்ற மருத்துவர்கள், வதைபட்டோருக்கான சிகிச்சையைத் தனித் துறையாக வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. கோபன்ஹேகனில் அளித்த சிகிச்சையில் குஹா மீண்டும் நடந்தார். ரதுஷின்ஸ்கயா 1986 அக்டோபரில், ரெய்க்யாவிக் உச்சி மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்பு விடுதலையானார்; இனிக் குழந்தை பிறக்காது என்று கருதப்பட்டவர் 1992-இல் இரட்டையரைப் பெற்றார். கின்ஸ்பர்க் 1977-இல், சினேகலதா இறந்த அதே ஆண்டில், மாஸ்கோவில் காலமானார். அவர் நூல் சோவியத் நாட்டில் வெளியாக மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

நெருக்கடி நிலை 1977 மார்ச் 21 அன்று விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 44-ஆவது திருத்தம், உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் உள்ள உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. ஜபல்பூர் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2017-இல் வெளிப்படையாக நீக்கியது. பெண் கைதிகளுக்கான பாங்காக் விதிகளை ஐ.நா. 2010-இலும், நெல்சன் மண்டேலா விதிகளை 2015-இலும் ஏற்றது. நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ ஒருவரைத் தனித்து அடைப்பது, தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது என்று மண்டேலா விதிகள் சொல்கின்றன. அவற்றின் 27-ஆம் விதி சினேகலதாவின் நோய்க்கே எழுதியதுபோல் இருக்கிறது: கைதியின் சிகிச்சை பற்றிய முடிவை மருத்துவப் பொறுப்பில் உள்ளவரே எடுக்க வேண்டும், மருத்துவரல்லாத சிறை அலுவலர் அதை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது. விதி இந்திய நீதிமன்றங்களைச் சட்டமாகக் கட்டுப்படுத்துவதில்லை. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் கையேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சினேகலதாவின் டயரி அவர் இறந்த ஆண்டே கர்நாடகத்தில் நூலாக வந்தது. அவர் அடைபட்டிருந்த பெங்களூர் மத்திய சிறையின் இடத்தில் 2008 முதல் ஒரு பூங்கா இருக்கிறது. பழைய அறைகள் சிலவற்றை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.